இறங்க மறுத்த கொக்கி: மாடல் ரயில் கிரேன் ஒன்றை ரேடியோவில் இயக்கிய கதை

பின்னணி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிறிய மாடல் ரயில் கிளப்பில் நடந்தது இது. வேலையை எடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். கார் தொழிற்சாலைகளுக்கு உலோகத்தை வடிவமைக்கும் அச்சுகள் (டை) செய்து கொடுத்து ஓய்வு பெற்றவர். கடைசலும் ஃபைலிங்கும் கைவந்தவர். எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் அவர் வருவதில்லை. அந்தப் பங்குக்குத்தான் நான் சேர்ந்தேன்.

அங்கே 'பிக் ஹுக்' என்று அழைக்கப்படுவது தடம்புரண்ட ரயிலைத் தூக்கி நிறுத்தும் நீராவிக் கிரேன். இந்த மாநிலத்துக்கும் அந்தக் கிரேனுக்கும் பழைய உறவு உண்டு. பே சிட்டியில் இருந்த இண்டஸ்ட்ரியல் வொர்க்ஸ் இந்தக் கிரேன்களைச் செய்தது. 1927இல் க்ளீவ்லாந்தின் பிரௌன் ஹாய்ஸ்டிங் நிறுவனத்தோடு இணைந்து இண்டஸ்ட்ரியல் பிரௌன்ஹாய்ஸ்ட் ஆனது. அதன் போட்டியாளரான ப்யூசைரஸ் ஒஹையோவில் தான் பிறந்த ஊரின் பெயரையே சுமந்துகொண்டு 1893இல் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. கிளப் உறுப்பினர்கள் பலருக்கு இவை குடும்பக் கதைகள். அதனால் ஏப்ரல் மாதத் திறந்த நாளில் மக்கள் முன் ஒரு கிரேன் உண்மையாகவே வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை நீண்ட நாளாக இருந்தது.

கையில் இருந்தது

நவம்பரில் ஒரு பழைய சாமான் சந்தையில் ஹெச்ஓ அளவுக் கிரேன் ஒன்று கிடைத்தது. ஹெச்ஓ என்றால் 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பிளாஸ்டிக் அறை, பிளாஸ்டிக் பூம் (கிரேனின் நீண்ட தூக்குக் கை), கையால் திருகும் இரண்டு சிறு கைப்பிடிகள், இற்றுப்போன கறுப்பு நூல். அறையின் உள் அகலம் 30 மி.மீ., நீளம் 62 மி.மீ. மூன்று மோட்டார் (கொக்கிக்கு, பூமுக்கு, சுழற்சிக்கு), பேட்டரி, ரேடியோ, எதிர் எடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

முதல் முடிவுகள்

தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுப்பதா, பேட்டரியா என்பது முதல் கேள்வி. கிளப்பின் லேஅவுட்டில் (மாடல் ரயில் பாதையில்) எஞ்சின்கள் டிசிசி முறையில்தான் ஓடுகின்றன; மின்சாரமும் டிஜிட்டல் கட்டளையும் தண்டவாளம் வழியாகவே வரும். கிரேனையும் அதில் சேர்த்திருக்கலாம். ஆனால் கிரேன் சுழலும்போது கீழிருந்து மேலே வரும் கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். அதற்குச் சுழல் தொடுப்பு வேண்டும். அந்த அளவில் அது தலைவலி. போதாக்குறைக்குத் தண்டவாளத்தில் தூசி படிந்த ஓர் இடத்தில், பாரம் தொங்கும் வேளையில், மின்சாரம் விட்டு விட்டு வரும். எனவே எல்லாவற்றையும் சுழலும் மேல்பகுதியிலேயே வைத்தோம். 250 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் செல் ஒன்று, ரேடியோவும் சேர்ந்த சிறு கணினியான ஒரு இஎஸ்பி32 பலகை, அதன் கட்டளைப்படி மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு டிஆர்வி8833 மோட்டார் டிரைவர்கள். இந்த டிரைவர் 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் என்பதால் ஒற்றை செல் போதும்.

சுழற்சிக்கான மோட்டாரும் மேலேதான். கீழே தளத்தில் ஒரு பல்சக்கரத்தை அசையாமல் பதித்துவிட்டு, மோட்டாரின் சிறு சக்கரம் அதைச் சுற்றி 'நடக்கும்'படி அமைத்தார் பெரியவர். ஒரு கம்பிகூட கீழே போகவில்லை.

கட்டுப்படுத்தக் கைபேசியா, லீவரா என்பதில் கொஞ்சம் வாதம் நடந்தது. கைபேசி என்றால் எனக்கு வேலை மிச்சம். அவர் ஒப்பவில்லை: கிரேன் ஓட்டுபவனின் கண் கொக்கியை விட்டு அகலக் கூடாது, வழவழப்பான கண்ணாடியில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க அது அகலும். அவர் சொன்னது சரி. நடுவுக்குத் தானாகத் திரும்பும் இரண்டு ஜாய்ஸ்டிக் கொண்ட சிறு பெட்டி ஒன்றைச் செய்தோம். அதற்குள் இன்னொரு இஎஸ்பி32. விநாடிக்கு 25 முறை செய்தி போகும். கால் விநாடி செய்தி வராவிட்டால் எல்லா மோட்டாரும் நிற்கும்.

மோட்டார் தேர்வில் தவறினோம். கைக்குக் கிடைத்த என்20 என்ற சிறு மோட்டார் வகையில் 298க்கு 1 கியர் உள்ளதை (மோட்டார் 298 முறை சுழன்றால் வெளித்தண்டு ஒரு முறை சுழலும்) வாங்கினேன். நூல் சுற்றும் 8 மி.மீ. டிரம்மில் சுற்றிப் பார்த்தபோது கொக்கி நிமிடத்துக்கு முக்கால் மீட்டர் ஓடியது. 87ஆல் பெருக்கினால் அறுபத்தைந்து மீட்டர். தடம்புரண்ட வண்டியைத் தூக்கும் கிரேன் அல்ல, தூண்டிலில் மீன் இழுப்பது போல இருந்தது. வேகத்தைக் குறைத்தால் மோட்டார் திக்கித் திக்கி நின்றது. 1000க்கு 1 கியர் உள்ளதற்கு மாறினோம்.

கொக்கி இறங்கவில்லை

ஜனவரி முதல் வாரம் மூன்று மோட்டாரும் பொருந்திவிட்டன. தூக்கும் லீவரைத் தள்ளினேன். கொக்கி அழகாக ஏறியது. இறக்கும் பக்கம் தள்ளினேன். டிரம் சுழன்றது, நூல் அவிழ்ந்தது, கொக்கி மட்டும் அசையவில்லை. அவிழ்ந்த நூல் அறைக்குள்ளேயே சுருண்டு, கியரில் சிக்கி, ஒரு பந்தாகிவிட்டது. அறையைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி முயன்றோம். மறுபடி அதே பந்து.

முதலில் நூல் மீது பழி போட்டோம். பாலியெஸ்டர் தையல் நூலில் பிசிர் இருந்தது. முறுக்கும் இருந்ததால் கொக்கிக் கட்டை (கொக்கி மாட்டிய கப்பிக் கட்டை) பம்பரம் போலச் சுழன்று நூல்களைப் பின்னிக்கொண்டது. பின்னல் வகைத் தூண்டில் நூலுக்கு மாறியதும் சுழல்வது நின்றது. ஆனால் இறங்காதது இறங்காததாகவே இருந்தது. அடுத்து மோட்டாரைச் சந்தேகித்து, நிரலில் இறங்கும் வேகத்தைக் குறைத்தேன். பந்து மெதுவாக உருவானது, அவ்வளவுதான். இரண்டு சனிக்கிழமைகள் இப்படிப் போயின.

எனக்கு விடை கிடைத்தது ஊர்க் கிணற்றிலிருந்து. சின்ன வயதில் வீட்டில் இரும்பு வாளி ஓட்டையாகி, பிளாஸ்டிக் வாளி கட்டிய நாள்கள் நினைவுக்கு வந்தன. இரும்பு வாளி கயிற்றை உருவிக்கொண்டு தானாகப் போகும். பிளாஸ்டிக் வாளி கப்பிக்குக் கீழே ஒரு முழம் போய் நின்றுவிடும். கயிற்றை நாம் தள்ளிவிட வேண்டும். கப்பி மாறவில்லை, கயிறு மாறவில்லை. குறைந்தது வாளியின் எடை மட்டும்.

கணக்குப் போட்டோம். அளவு 87இல் ஒன்றானால் எடை 87 × 87 × 87இல், அதாவது ஏறத்தாழ 6,58,000இல் ஒன்றாகும். நிஜத்தில் ஒரு டன் இருக்கும் கொக்கிக் கட்டை இங்கே ஒன்றரை கிராம். எங்களுடையது, பிளாஸ்டிக்கில், 2 கிராம். கப்பியின் உராய்வும் நூலின் விறைப்பும் அந்தக் கணக்கில் குறைவதில்லை. மேலும், பூம் நுனிக்கும் கொக்கிக் கட்டைக்கும் நடுவே நூல் நாலு மடிப்பாகப் போகிறது. அந்த 2 கிராம் நாலாகப் பிரிந்து, ஒவ்வொரு மடிப்புக்கும் அரை கிராம் இழுப்பு. அடுத்த கப்பியைத் திருப்ப அது காணாது.

நிஜக் கிரேனில் இறக்குவது புவியீர்ப்பின் வேலை. பிரேக் போட்டு அதை அடக்குவதுதான் ஓட்டுநரின் வேலை. மாடலில் தலைகீழ். நாம் நூலை விட்டுக்கொடுத்துவிட்டு, கொக்கி வருமா என்று காத்திருக்கிறோம். தூக்குவதைப் பற்றியே யோசித்து மோட்டார், கியர், பேட்டரி எல்லாம் தேர்ந்தெடுத்த எங்களுக்கு இது உறைக்க இரண்டு மாதம் ஆனது.

அதன்பின் வேலை அளவீட்டில் தொடங்கியது. கிரேனை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பலகையில் பூமை மட்டும் பொருத்தி, கொக்கியில் களிமண் ஒட்டி ஒட்டிப் பார்த்தோம். பழைய பிளாஸ்டிக் கப்பிகளோடு, நாலு மடிப்பில், தடையின்றி இறங்க 31 கிராம் தேவைப்பட்டது. பெரியவர் பித்தளையில் புதிய கப்பிகள் கடைந்து, 0.8 மி.மீ. எஃகு ஊசிகளில் ஓடவிட்டார். மடிப்பை இரண்டாகக் குறைத்தோம். தேவை 11 கிராமுக்கு இறங்கியது. பார்வைக்கு நாலு மடிப்பு இருக்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததால், ஓடாத இரண்டு போலி நூல்களை வைக்க முயன்று, அவை தொய்ந்து தொங்குவதைப் பார்த்து, அவரே எடுத்துவிட்டார்.

சிறிய கட்டைக்குள் 11 கிராமை எப்படி அடைப்பது? ஈயம் போதவில்லை. இங்கே சாரணச் சிறுவர்கள் மரக்கட்டையில் கார் செதுக்கிச் சரிவில் ஓடவிடும் 'பைன்வுட் டெர்பி' பந்தயம் பிரபலம். அந்தக் கார்களில் எடை சேர்க்க டங்ஸ்டன் உருளைகள் விற்கிறார்கள். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி. பெரியவர் ஓர் உருளையை வைரச் சக்கரத்தில் தட்டையாக்கி, இருபுறமும் பித்தளைத் தகடு வைத்தார். மொத்தம் 14 கிராம். அன்று மாலை கொக்கி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பத்து நிமிடம் வேறெதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கொக்கி தரையைத் தொட்ட பிறகும் லீவரை விடாவிட்டால் நூல் தளர்ந்து, டிரம்மில் சுற்று குதித்தது. டிரம்மின் மேல் ஒரு சிறு கம்பளித் துண்டை மெல்லிய வெண்கலச் சுருளால் அழுத்தி வைத்தோம். தளர்ந்த சுற்றை அது பிடித்துக்கொள்கிறது.

கவிழும் கணக்கு

பிப்ரவரியில் எடைகளை நிறுத்தோம்: அறை, எதிர் எடையான ஈயம் சேர்த்து 170 கிராம், கீழ்த்தளம் 90, பூம் 16, கொக்கிக் கட்டை 14. கொக்கிக்கு எடை ஏற்றியதன் விலை இங்கே தெரிந்தது. பூம் பக்கவாட்டில் திரும்பி, கொக்கி மையத்திலிருந்து 110 மி.மீ. தள்ளி இருந்தால், கவிழும் விளிம்பு தண்டவாளம்தான். அது மையத்திலிருந்து 8.5 மி.மீ. அந்த நிலையில் தூக்கக்கூடியது வெறும் 23 கிராம். ஒரு சரக்கு வண்டியின் ஒரு முனையை மட்டும் தூக்கவே 60 கிராம் பிடிக்கும். தண்டவாள நீளவாக்கில் இந்தச் சிக்கல் இல்லை.

ஈயத்தை இன்னும் ஏற்றலாம் என்பது என் யோசனை. அறையில் இடமும் இல்லை. வளைவுகளில் கிரேன் தள்ளாடவும் செய்யும். நிஜக் கிரேன் பக்கவாட்டில் தூக்குவதற்கு முன் ஆட்கள் இறங்கி, கவிழாமல் தாங்கும் அவுட்ரிகர் உத்தரங்களை வெளியே இழுத்து, கீழே மரக்கட்டைகள் அடுக்குவார்கள். பெரியவர் அதையே செய்தார். மாடலில் அலங்காரமாக ஒட்டியிருந்த உத்தரங்களை வெட்டி எறிந்து, இழுத்து நீட்டும் பித்தளை உத்தரங்கள் வைத்தார். நீட்டினால் விளிம்பு 30 மி.மீ.க்குப் போகிறது. 60 கிராம் தொங்கும்போது கவிழ்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 6,400 கிராம்-மி.மீ.; தாங்கும் திருப்புவிசை 10,000க்கு மேல். அவற்றை மோட்டாரில் நீட்டலாமா என்று கேட்டேன். கையாலேயே நீட்டட்டும், அப்போதுதான் வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் புரியும் என்றார்.

ஊசல்

சுழற்சி வேலை செய்தது. பார்க்கத்தான் பொம்மை போல இருந்தது. நிறுத்தினால் கொக்கி படபடவென்று ஆடும். நீளம் 120 மி.மீ. உள்ள ஊசலுக்கு ஓர் ஆட்டம் 0.7 விநாடி. நிஜத்தில் அதே தொங்கல் பத்து மீட்டருக்கு மேல் இருக்கும். ஆட்டம் ஆறரை விநாடி. ஒன்பது மடங்குக்கும் மேல் வேறுபாடு. புவியீர்ப்பை 87இல் ஒன்றாகச் சுருக்க முடியாது என்பதால் இதற்கு முழுத் தீர்வு கிடையாது.

ஆனால் தணிக்க வழி உண்டு. சீரான முடுக்கத்தை மிகச் சரியாக ஓர் ஆட்ட நேரம் கொடுத்து நிறுத்தினால், ஊசலில் மிச்ச ஆட்டம் தங்குவதில்லை. லீவரை எப்படித் தள்ளினாலும் மோட்டார் 0.7 விநாடியில் வேகம் பிடித்து, 0.7 விநாடியில் நிற்கும்படி நிரலில் எழுதினேன். நூலின் நீளம் மாறும்போது இது பிசகும். இருந்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொரு சிக்கல் பல்சக்கரத் தளர்வு. 9 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் 0.2 மி.மீ. தளர்வு இருந்தால், 150 மி.மீ. தள்ளியிருக்கும் பூம் நுனியில் அது 3 மி.மீ.க்கு மேல். அறைக்கு அடியில் கெட்டியான கிரீஸ் தடவிய கம்பளி வளையம் வைத்து ஓரளவு அடக்கினோம்.

மார்ச் மாத விபத்து

மார்ச் மூன்றாம் சனிக்கிழமை, கிளப்பில் ஒத்திகை. கொக்கியை மேலே ஏற்றும்போது நான் பேச்சில் கவனம் சிதறி, கட்டை பூம் நுனியில் போய் முட்டியது. நிஜக் கிரேன் ஓட்டுநர்கள் மிகவும் அஞ்சும் தவறு இது. உடனே லீவரை விட்டேன். கிரேன் விடவில்லை. விட்டு விட்டு இழுத்துக்கொண்டே இருந்தது. மூன்று நான்கு இழுப்பில் பூமின் நுனி ஒடிந்து, கட்டையோடு லேஅவுட் மீது விழுந்தது.

அடுத்த இரண்டு மாலைகளில் காரணம் துலங்கியது. முட்டியதும் மோட்டார் ஸ்தம்பித்து மின்னோட்டம் ஏறியது. செல்லின் வோல்டேஜ் சரிந்தது. பலகையில் வோல்டேஜைச் சீராக்க இருந்த 1117 வகை ரெகுலேட்டர் தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும்வரை தாக்குப்பிடித்தது, 3.7க்கு வந்த பிறகு விளிம்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சரிந்ததும் இஎஸ்பி32 தானாக மறுதொடக்கம் ஆனது. அந்தச் சிப்பில் சில கால்கள் (கம்பி இணைக்கும் முனைகள்), குறிப்பாக 5, 14, 15, தொடங்கும் கணத்தில் தாமாகவே சிக்னல் வெளியிடும். தூக்கும் திசைக்கான கம்பியை நான் 14இல் வைத்திருந்தேன். மறுதொடக்கம், ஓர் இழுப்பு, சரிவு, மறுதொடக்கம். சிக்னல் அறுந்தால் நிற்கும் என்று எழுதிய பாதுகாப்பு நிரல் ஓடத் தொடங்குவதற்குள் இழுப்பு முடிந்துவிடும். இது முழுக்க என் தவறு. பெரியவரின் பூம் பலியானது.

செய்த திருத்தங்கள்: கம்பியை வேறு காலுக்கு மாற்றினேன். டிரைவரின் உறக்கக் காலைத் தரையோடு இழுத்துக் கட்டி, நிரல் முழுதாக எழுந்த பிறகே டிரைவர் விழிக்கும்படி செய்தேன். குறைந்த இழப்புள்ள ரெகுலேட்டர், கூடவே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். டிரைவர் மின்னோட்டத்தை அளக்கப் பயன்படுத்தும் உணர் மின்தடையை 2 ஓம் ஆக்கி, மோட்டார் மின்னோட்டத்தை 100 மில்லி ஆம்பியரில் கட்டினேன்.

அது போதும் என்று நினைத்தேன். பெரியவர் தலையசைக்கவில்லை. ஆயிரம் மடங்கு கியருக்குப் பின்னால், அந்த 100 மில்லி ஆம்பியரிலும் பூமை ஒடிக்கும் வலு மிச்சம் இருக்கும் என்றார். தராசில் கட்டி இழுத்துக் காட்டினார். டிரம்மைத் தண்டோடு இறுக்கியிருந்த திருகை எடுத்துவிட்டு, நடுவே சிலிகான் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினார். நூலில் 150 கிராமுக்கு மேல் இழுப்பு வந்தால் டிரம் வழுக்கும். வேலைக்குத் தேவைப்படுவது 40 கிராமுக்குள்தான். என் நாலு திருத்தங்களும் தோற்றாலும் அந்தக் குழாய்த் துண்டு பூமைக் காக்கும். ஒடிந்த நுனியைப் பித்தளையில் புதிதாகச் செய்தார்.

சோதனையின்போது இன்னொரு குறையும் கண்ணில் பட்டது: சார்ஜர் பலகை ஒரு ஆம்பியர் கொடுக்கும்படி வந்திருந்தது, இந்தச் சிறு செல்லுக்கு அது நாலு மடங்கு அதிகம். 1.2 கிலோ ஓம் மின்தடையை 5 கிலோ ஓமாக மாற்றி 250 மில்லி ஆம்பியருக்குக் குறைத்தேன். இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

திறந்த நாள்

ஏப்ரலில் கூட்டம் வந்தது. காலையில் கிரேன் வெட்டி வெட்டி அசைந்தது. அரங்கு நிறையக் கைபேசிகள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல். காத்திருக்கும் நேரத்தைக் கால் விநாடியிலிருந்து 0.4 விநாடியாக நீட்டி, ஆன்டெனா ஈயக் கட்டிக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி பலகையைத் திருப்பிவைத்ததும் சீரானது. நாள் முழுவதும் காலிச் சரக்கு வண்டி ஒன்றைத் தடம்புரளவிட்டு, ஒரு முனையாகத் தூக்கி, தண்டவாளத்தில் வைத்தோம். பிற்பகலில் சிறுவர்களிடமே பெட்டியைக் கொடுத்தோம். அவர்களில் இருவர் கொக்கியை உச்சியில் முட்டவைத்தார்கள். டிரம் வழுக்கியது; எதுவும் ஒடியவில்லை.

குறையும் உண்டு. ஆயிரத்துக்கு ஒன்று கியரில் மோட்டார் மிக வேகமாகச் சுழல்வதால் கீச்சென்று சத்தம் வருகிறது. நீராவிக் கிரேன் கொசு மாதிரி ரீங்கரிப்பது பெரியவருக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. கிரேனின் இரண்டாவது கொக்கியான துணைக் கொக்கி ஓடுவதில்லை. நாலாவது மோட்டாருக்கு இடம் கிடைக்கவில்லை. பூமை 70 பாகைக்கு மேல் நிமிர்த்துவதையும் தடுத்துவிட்டோம். அதற்கு மேல் போனால் தன் எடையால் திரும்பி இறங்க அது தயங்குகிறது. கொக்கிக்கு வந்த அதே வியாதி.

மறுபடி செய்தால்

வேலையைக் கொக்கியிலிருந்து தொடங்குவோம். பலகையில் பூம், கப்பி, நூல், களிமண். எத்தனை கிராமில் தானாக இறங்குகிறது என்று அளந்த பிறகே எதிர் எடை, கவிழும் கணக்கு, மோட்டார், கியர் என்ற வரிசை. நாங்கள் நேர் எதிர்த்திசையில் வந்தோம். வழுக்கும் டிரம் முதல் நாளே இருக்கும். சுழற்சிக்கு வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) வைத்தால் பல்சக்கரத் தளர்வும் சத்தமும் சேர்ந்து குறையும் என்று அவர் கருதுகிறார், 30 மி.மீ. அறையில் அதற்கு இடம் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம். நீராவிச் சத்தம் எழுப்பும் சிறு ஸ்பீக்கர் வைத்துக் கொசுவை மறைக்கலாம் என்றேன். அது ஏமாற்று வேலை என்று முடித்துவிட்டார்.

இரண்டாவது கிரேன் ஒன்று இப்போது அவர் மேசையில் பிரிந்து கிடக்கிறது. டங்ஸ்டன் உருளைகள் வந்துவிட்டன. மோட்டார் இன்னும் வாங்கவில்லை.